ஆறினாலும் திரும்ப வரும் கட்டி

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, ஆட்டோ ஓட்டுகிறார். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து தொடை, அக்குள் என்று மாறி மாறிக் கட்டி வருகிறது. மெடிக்கலில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் அடங்குகிறது, அப்புறம் வேறு இடத்தில் கிளம்புகிறது. இப்போது பத்தாவது படிக்கும் மகளுக்கும் மூக்கோரம் ஒன்று. உடம்புச் சூடுதான், மாம்பழத்தை நிறுத்துங்கள் என்கிறார் மாமியார். சரியா டாக்டர்?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் மகளைக் கவனியுங்கள். மூக்கோரமும் மேலுதட்டிலும் வரும் கட்டியைப் பிதுக்கவே கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது. அந்த இடத்து ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் போய் மூளையை ஒட்டிய குழாய்களோடு சேர்கின்றன. கிருமி அந்த வழியாக ஏறுவது அபூர்வம்தான். ஆனால் ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், கடுமையான தலைவலி, கண் இமை வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எதுவும் இல்லையென்றாலும் நாளைக்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மாம்பழத்தை நிறுத்த வேண்டாம். இப்படிப்பட்ட கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு இது மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் தோலைத் தொடும். வியர்வையில் ஊறி, நாள் முழுக்க சீட்டில் உரசிப் புண்ணான மயிர்க்கால் வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். வெயிலின் பங்கு அவ்வளவுதான். வீட்டில் ஒரே துண்டைப் பலரும் பயன்படுத்தினால் அடுத்தவருக்கும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் மகளுக்கு அப்படி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனக்குக் கவலை தருவது அந்த மூன்று நாள் மாத்திரை. சீழ் கோத்துவிட்ட கட்டிக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முக்கிய வைத்தியம். பழுக்காத சின்னக் கட்டி என்றால் வெந்நீர் ஒத்தடமே பல நேரம் போதும். கைக்குக் கிடைத்த மாத்திரையை அரைகுறையாகச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். 1928-இல் ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தது இதே கிருமியை வளர்த்த தட்டில்தான். பெனிசிலினுக்கு இது பழகிவிட்டதால் 1959-இல் மெத்திசிலின் என்ற மருந்து வந்தது. 1961-லேயே அதற்கும் அடங்காத வகை பிரிட்டனில் பதிவானது. எம்ஆர்எஸ்ஏ என்று சொல்வது அதைத்தான். இன்று நம் ஊரிலும் அது சாதாரணமாகக் காணப்படுகிறது. அதனால்தான் சீழை எடுத்துக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொல்கிறேன். எந்த மருந்துக்கு அடங்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். பெரிய அரசு மருத்துவமனைகளிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

கணவருக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம். இந்த வயதில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, அதனாலேயே சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தவர்கள் உண்டு. வெறும் வயிற்று ரத்தத்தோடு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பாருங்கள்.

வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு ரேசர். தலையணை உறை, படுக்கை விரிப்பு, உள்ளாடைகளைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். உடைந்த கட்டியைத் துணி வைத்து மூடிக்கொள்ளட்டும், கட்டு மாற்றியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். இதற்குப் பிறகும் வந்தால் மூக்குக்குள் தடவ மியூபிரோசின் களிம்பும், குளிக்கக் குளோர்ஹெக்சிடின் திரவமும் டாக்டர் எழுதித் தருவார். வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் செய்தால்தான் பலன்.

டாக்டரிடம் போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். புது மாத்திரை தொடங்கும் முன்பே கல்ச்சருக்குச் சீழ் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.