பொன்னிற முடிக்கு 210 டிகிரி சூடு வேண்டாம்

கேள்வி: என் முடி நல்ல கறுப்பு. நாலு மாதம் முன்பு பார்லரில் இரண்டு தடவையாக பிளீச் செய்து பொன்னிறமாக்கிக்கொண்டேன். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் 210 டிகிரியில் ஸ்ட்ரெய்ட்னர் போடுகிறேன். இப்போது சீப்பு வைத்தாலே நுனி உடைந்து கொட்டுகிறது, நிறமும் மஞ்சளடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அயர்ன் செய்தால் சூடு தாக்காது என்கிறாள் தோழி. செய்யலாமா?
- வாசகி, கோவை

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். செக்குத் தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பித்துவிடும், நீங்கள் வைப்பதோ 210. தேங்காய் எண்ணெயை வேறு நேரத்தில் பயன்படுத்துங்கள். தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய ராத்திரி நுனிவரை தடவி வைத்தால் அது முடிக்குள்ளே இறங்கும், அலசும்போது புரதம் வெளியேறுவது குறையும். பச்சையாக, பழுப்பாக இருக்கிற மூலிகைத் தைலங்கள் மட்டும் வேண்டாம், வெளுத்த முடியில் கறை பிடிக்கும்.

முக்கியமான விஷயம், உங்கள் தலையில் இப்போது இருப்பது பழைய முடி இல்லை. பிளீச்சில் இருக்கும் பெராக்சைடு கறுப்பு நிறமியை மட்டும் எடுப்பதில்லை, முடியின் புரதமான கெரட்டினைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகளில் ஒரு பகுதியையும் உடைத்து, மேலே இயற்கையாக இருக்கும் கொழுப்புப் படலத்தையும் கழற்றிவிடுகிறது. கறுப்பு முடி பொன்னிறத்துக்கு வரணும் என்றால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று எல்லாப் படியையும் தாண்டியாக வேண்டும், அதனால் நமக்கு இந்தச் சேதம் கொஞ்சம் அதிகம்தான். அந்த முடிக்கு 150 டிகிரி போதும். மிஞ்சிப்போனால் 170. ஒரு இழுப்பில் நேராகவில்லையா? சூட்டை ஏற்றாதீர்கள், கையில் எடுத்த கற்றைதான் தடிமன், அதைப் பாதியாகப் பிரியுங்கள். டிகிரி காட்டாத ஸ்ட்ரெய்ட்னராக இருந்தால் அதை ஓரமாக வைத்துவிடுவதே நல்லது.

அப்புறம், ஈரம். தகடு பட்டதும் 'சொய்ங்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். முடித்தண்டுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக உப்பும், பிறகு முடி உடைவது அந்த இடத்தில்தான். ஹீட் புரொடெக்டன்ட் ஸ்ப்ரேயை லேசான ஈரத்திலேயே அடித்து, அகலப் பல் சீப்பால் வாரி, டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் காட்டாமல் நகர்த்திக்கொண்டே முழுசாக உலர்த்திய பிறகுதான் ஸ்ட்ரெய்ட்னர். ஸ்ப்ரே சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தும், முழுசாகத் தடுக்காது, அதை நம்பி மறுபடி 210-க்குப் போகக் கூடாது.

தினமும் போடுவதையும் விடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், ராத்திரி தளர்வாகப் பின்னிக்கொண்டு வழவழப்பான சாட்டின் உறையில் தலை வைத்துப் படுத்தால் மறுநாளும் ஓரளவு படிந்தே இருக்கும்.

மஞ்சளடிப்பதற்கு பார்லரில் போட்ட டோனர் (பிளீச்சுக்குப் பிறகு மஞ்சளை மறைக்கப் பூசும் நிறப்பூச்சு) மங்கியது ஒரு காரணம், நீங்கள் வைக்கும் சூடு இன்னொன்று. வாரம் ஒரு தடவை பர்ப்பிள் ஷாம்பு (மஞ்சளை அடக்கும் ஊதா நிற ஷாம்பு) போடுங்கள், அதற்கு மேல் போட்டால் வறண்டு, சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு சிறுவாணித் தண்ணீர் வருகிறது என்றால் கவலையில்லை. போர் தண்ணீர் என்றால் அந்த உப்பும் முடியில் படிந்து நிறத்தைக் கெடுக்கும், கடைசி அலசலுக்காவது ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.

உடைந்த நுனியை எந்த சீரமும் ஒட்டவைக்காது, ஓர் அங்குலமாவது வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: பிளீச் செய்த முடி பிடிக்கவில்லை. மருதாணி போட்டுப் பழைய நிறத்துக்குத் திரும்ப முடியுமா?
- வாசகி, திருச்சி

பதில்: மருதாணி போட்டால் பளீர் ஆரஞ்சு நிறம்தான் வரும். கறுப்பு மருதாணி என்று விற்கும் பாக்கெட்டுகள் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், அதன்மேல் பிறகு ஒருநாள் பிளீச்சோ பெராக்சைடு டையோ பட்டால் முடி சூடேறி அறுந்துவிடலாம். பார்லரில் முதலில் சிவப்பு கலந்த பழுப்பு நிறத்தை ஏற்றி, அதற்கு மேல் அடர் பழுப்பு போடச் சொல்லிக் கேளுங்கள். வெளுத்த முடியில் நேரடியாகக் கறுப்பு ஏற்றினால் சில அலசலிலேயே வெளிறிப் பச்சை தட்டும்.