சமையல் கேள்வி – பதில்: முழு மீன் ஆவியில் வேக…

கொடுவா மீனை முழுசாக, சீனர்கள் செய்வதுபோல இஞ்சி, வெங்காயத்தாள் வைத்து இட்லிப் பானையில் அவித்தேன். வாலும் வயிறும் குழைந்துவிட்டன. முதுகுமுள்ளை ஒட்டிய சதை மட்டும் வேகவே இல்லை. ஏன்?
– வாசகி, தூத்துக்குடி

மீனை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பானையில் வைத்திருப்பீர்கள். அல்லது தண்ணீர் கொதிக்கும் முன்பே வைத்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். சமைப்பதற்கு 15 நிமிடம் முன்பே மீனை வெளியே எடுத்துவிடுங்கள். முதுகின் தடித்த பகுதியில் இருபுறமும் முள்ளைத் தொடும் அளவுக்கு இரண்டு மூன்று கீறல் போடுங்கள். தட்டில் நான்கைந்து வெங்காயத்தாள் தண்டுகளைக் குறுக்கே பரப்பி அதன்மேல் மீனை வைத்தால் அடியிலும் ஆவி புகும். தட்டு பானையை அடைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு உள்ளே வைத்து, தீயைக் குறைக்காமல் விடுங்கள். 600 – 700 கிராம் மீனுக்கு 9, 10 நிமிடம் போதும். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் இன்னும் 2 நிமிடம். கண் வெள்ளையாகிப் பிதுங்கியிருக்கும். முதுகில் குத்திய குச்சி தடையில்லாமல் முள்வரை இறங்கும். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

எவ்வளவு இஞ்சி போட்டாலும் கவுச்சி போகவில்லையே?
– வாசகர், காரைக்கால்

இஞ்சியைக் கூட்டுவதில் பயனில்லை. வயிற்றைத் திறந்து பாருங்கள்: முதுகுமுள்ளின் அடியில் உறைந்த ரத்தம் கருஞ்சிவப்புக் கோடாக ஒட்டியிருக்கும். மேலே உள்ள மெல்லிய தோலைக் கத்தி முனையால் கீறி, விரல் நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள். செவுளில் துணுக்குகூட மிஞ்சக் கூடாது, வயிற்றுக்குள் கறுப்புச் சவ்வு இருந்தால் அதையும் உரித்துவிடுங்கள். பிறகு ஈரம் போகத் துடையுங்கள்.

வெந்ததும் தட்டில் கலங்கலாகத் தேங்கும் தண்ணீரை மனசு கேட்காமல் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. வாடை முழுக்க அதில்தான். கொட்டிவிடுங்கள், அடியில் கிடந்த தண்டுகளோடு.

சோயா சாஸை முதலிலேயே ஊற்றலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம். ஊற்றினால் அந்தக் கலங்கல் தண்ணீரோடு அதுவும் போய்விடும். லைட் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, வெந்நீர் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி கலந்து, தண்ணீரை வடித்த பிறகு மீனைச் சுற்றி ஊற்றுங்கள். மீன்மேல் நூலாக நறுக்கிய இஞ்சியும் வெங்காயத்தாளும் புதிதாகப் பரப்பி, 2 மேசைக்கரண்டி எண்ணெயைப் புகை எழும்பும்வரை காய்ச்சி அதன்மேல் விடுங்கள். சடசடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எண்ணெய் காயவில்லை, இஞ்சி பச்சையாகவே நிற்கும். உப்பு தனியாகத் தேவையில்லை.

கொடுவா கிடைக்காவிட்டால்?
– வாசகர், சேலம்

வெள்ளை வாவல், சங்கரா இரண்டும் நன்றாக வரும். வாவல் தட்டை என்பதால் 7 நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி குழம்புக்குப் போகட்டும். ஐஸில் நாள்பட்ட மீன் எதுவானாலும் அதுவும் அப்படியே.