பலகையை அலுமாரியில் பூட்டலாமா?

கேள்வி: என் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறான். மாகாண மட்டம்வரை சதுரங்கத்தில் வென்றவன். அடுத்த ஆண்டு பரீட்சை. “இனி ஒரு காயும் தொடக்கூடாது” என்று தகப்பன் பலகையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை யாருடனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன செய்ய?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அலுமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவரின் பயம் வீணானதல்ல. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி சற்றே குறைந்தாலும் பொறியியல் பீடம் கைநழுவிவிடும். ஆனால் பூட்டிவைத்தால் பிள்ளையின் மனம் படிப்பில் அல்ல, அந்தப் பூட்டிலேதான் கிடக்கும்.

இங்கிலாந்தின் ஜொனதன் மெஸ்டல் 1974இல் சதுரங்கத்தில் உலகக் கடேட் (இளையோர்) சாம்பியன். 1976இல், பத்தொன்பது வயதில், பிரித்தானியச் சாம்பியன் போட்டியில் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்றார். 1982இல் சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர். அவரே பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரயோக கணிதப் பேராசிரியரானார். அமெரிக்கரான கென்னத் ரோகோஃப் இன்னொரு விதம். பதினாறு வயதில் பள்ளியை விட்டு ஐரோப்பாவுக்கு ஆடப்போனவர், பிறகு யேல் பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1978இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவர் பொருளியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். பின்னர் போட்டி ஆட்டத்தை விட்டு ஹார்வர்டில் பேராசிரியரானார். விட்டது அவருடைய சொந்த முடிவு. உங்கள் மகனுக்கும் அந்த உரிமை வேண்டும் என்பதே என் கட்சி.

சதுரங்கம் ஆடினால் இணைந்த கணிதத்தில் புள்ளி தானாக ஏறும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தோற்ற ஆட்டத்தின் நகர்வுத் தாளை விரித்து, எந்த நகர்வில் பிழைத்தது என்று தேடும் பிள்ளை, தவறிய கணக்கையும் அப்படித் தேடப் பழகியிருப்பான். ஒரு மாலை அவன் அப்படி இருக்கும்போது தகப்பனைப் பக்கத்தில் அமர வையுங்கள். ஒன்றும் பேசாமல் பார்த்தாலே போதும்.

கைபேசியில் நள்ளிரவு தாண்டி ஓடும் மூன்று நிமிட ஆட்டங்களோ வேறு கதை. அவை நித்திரையைத் தின்கின்றன; அவற்றை நிறுத்தச் சொல்வதில் கணவர் பக்கம் நில்லுங்கள். வெளியூர்ப் போட்டிகளைப் பரீட்சை முடியும்வரை ஒத்திவைக்கலாம். ஞாயிறு பின்னேரம் மட்டும் பலகை அவனுடையதாக இருக்கட்டும். இந்த ஏற்பாட்டை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அவனே எழுதி, தகப்பனிடம் கொண்டுபோய்ப் பேசட்டும்.