ஹெட்லைட்டுக்குக் கூடுதல் காசு: கேள்வி-பதில்

கே: புது காரில் ‘அடாப்டிவ் எல்இடி’ ஹெட்லைட்டுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். அது என்னதான் செய்யும்?

எந்த வகை என்று முதலில் கேளுங்கள். ஸ்டீயரிங் திரும்பும் பக்கம் வெளிச்சமும் திரும்புவது ஒரு வகை. வளைவுகளில் உதவும், ஆனால் 1967லேயே சிட்ரோயன் டிஎஸ் காரில் வந்த சங்கதிதான். இன்னொன்று மேட்ரிக்ஸ். முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா மற்ற வண்டிகளின் விளக்குகளைக் கவனித்து, அவர்கள்மேல் படும் எல்இடிகளை மட்டும் அணைக்கும் அல்லது மங்கலாக்கும். மீதி சாலை முழுக்க ஹை பீம். 2013இல் ஆடி ஏ8இல் வந்தபோது ஒரு விளக்கின் ஹை பீமுக்கு 25 எல்இடிகள். இருட்டுச் சாலையில் அடிக்கடி ஓட்டுபவர் இதற்குத் தாராளமாகக் காசு தரலாம். தெருவிளக்கு வெளிச்சத்திலேயே ஓட்டுபவருக்கு வீண்.

கே: பழைய காரின் ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்ப் போட்டேன். எதிரே வருபவர்கள் திட்டுகிறார்கள்.

திட்டத்தான் செய்வார்கள். அந்த ரிஃப்ளெக்டர் ஹாலோஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. வெளிச்சம் கிளம்பும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்டபடி சிதறும். என் அலமாரியிலும் ஒரு ஜோடி தூங்குகிறது. கழற்றுங்கள்.

கே: மேட்ரிக்ஸ் விளக்கில் ஒரு துண்டு மட்டும் எரியவில்லை. வாரண்டி இப்போதுதான் முடிந்தது. முழு விளக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

மெக்கானிக்கைக் கோபித்துப் பயனில்லை. ஏமாற்று வேலை வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஹாலோஜன் பல்ப் போனால் புது பல்ப் வாங்கி நாமே மாட்டிக்கொள்வோம். இப்போது எல்இடி, லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்குள் ஒட்டி மூடிவிடுகிறார்கள். எல்இடி பல வருடம் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது முன்பக்கம் குளிர்ச்சி, பின்பக்கம் சூடு; அந்தச் சூடு சரியாக வெளியேறாவிட்டால் ஆயுள் குறையும். உள்ளே ஈரம் புகுந்தாலும் வம்பு. லேசாக இடித்து, விளக்கை வண்டியோடு பிடித்திருக்கும் காது உடைந்தால்கூட மொத்த விளக்கின் விலையை நீட்டுவார்கள். விற்கும்போது இதை யாராவது சொன்னார்களா? உங்கள்மேல் தப்பே இல்லை. வாரண்டி இருந்தபோதே இந்தக் கோளாறைச் சொல்லியிருந்தால் அந்த சர்வீஸ் ரசீதைத் தேடி எடுங்கள். தயாரிப்பாளருக்கே எழுதிக் கேளுங்கள். அப்புறம், விளக்கு மட்டும் பழுது பார்க்கும் கடைகளையும் விசாரியுங்கள். சிலர் கூட்டைத் திறந்து சரிசெய்கிறார்கள்.

கே: முன்கண்ணாடி மாற்றியதிலிருந்து எதிர்வண்டிக்கு விளக்கு மங்குவதில்லை. கண்ணாடி போட்டவர் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்கிறார்.

ஆகாது. கேமராவுக்கு கேலிபரேஷன், அதாவது அது சரியாகப் பார்க்கும்படி அளவு திருத்தம், செய்தாரா என்று கேளுங்கள். பதில் வரும்வரை லோ பீமில் ஓட்டுங்கள்.

கே: ஹை பீமைப் போட்டுவிட்டு மற்றதை அதனிடமே விட்டுவிடலாமா?

கேமரா தேடுவது பெரும்பாலும் விளக்குகளைத்தான். நடந்து வருபவரிடமும் விளக்கில்லா சைக்கிளிலும் அது ஏது? தடுப்புச்சுவருக்குப் பின்னால் வரும் லாரியின் விளக்கும் மறைந்திருக்கும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குத்தான் கண் கூசும். கை சுவிட்சிலேயே இருக்கட்டும்.

கே: பழைய கார். ‘அடாப்டிவ்’ என்று சொல்லி விற்றார். இரண்டு மாதம் கழித்து இரவில் ஓட்டினால், ஹை பீம் மொத்தமாக அணைந்து எரிகிறது, அவ்வளவுதான்.

அது மேட்ரிக்ஸ் இல்லை. பகலில் பார்த்தா ஹெட்லைட் வாங்கினீர்கள்?