நட்சத்திரக் கொத்துகளின் பூர்வீகம்

கேள்வி: கார்த்திகை ஒரு நட்சத்திரக் கொத்து என்று படித்தேன். இதுபோல நம் பால்வெளியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாமே! அவை தனித்தனியாகத் திரிகின்றனவா, இல்லை கொத்துகளும் கூட்டம் சேருமா?
– வாசகி, தேனி

பதில்: சேரும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிசம்பர் முன்னிரவில் இருட்டான இடத்தில் வடக்கே பார்த்து நில்லுங்கள். காசியோப்பியா, பெர்சியஸ் என்ற இரண்டு விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே புகைபோல ஒரு திட்டு தெரியும். சாதாரண பைனாகுலரில் அது இரண்டு கொத்துகளாகப் பிரியும். இரண்டும் சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. இரண்டுக்கும் வயது ஏறக்குறைய 1.4 கோடி ஆண்டு. உடன்பிறப்புகள் மாதிரி. வானத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

எல்லா உறவும் இப்படிப் பளிச்சென்று தெரிவதில்லை. இரண்டு கொத்துகளின் வேகத்தில் நொடிக்கு 1 கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தாலே, 10 லட்சம் ஆண்டில் 3 ஒளியாண்டுக்கு மேல் விலகிவிடும். சில கோடி ஆண்டுகள் போனால் யார் யாருக்குச் சொந்தம் என்றே தெரியாது.

2013-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் மிக நுட்பமாக அளந்து தந்தது. அதை வைத்து ஆய்வாளர்கள், சுமார் 3,300 ஒளியாண்டுக்குள் உள்ள 272 இளம் கொத்துகளின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். முடிவு 2024-ல் வெளியானது. அவற்றில் 155 கொத்துகளுக்குப் பூர்வீகம் மூன்றே இடங்கள்! படித்தபோது அசந்துபோனேன். (கார்த்திகைக்கு வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டு. 7 கோடிக்கு உட்பட்டவற்றையே எடுத்துக்கொண்டதால் அது இந்தக் கணக்கில் இல்லை.)

அந்த மூன்று இடங்களிலும் ஒரு காலத்தில் பிரம்மாண்டமான வாயு முகில்கள் இருந்தன. அவற்றில் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் சீக்கிரமே எரிந்து வெடித்தன. இப்படி வெடித்தவை 200-க்கும் மேல் இருக்கும் என்கிறது அந்த ஆய்வு. வெடிப்பு, சுற்றியிருக்கும் வாயுவை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட வாயு நெருக்கமாகச் சேரும் இடத்தில் புதிய நட்சத்திரங்கள் பிறக்கும். நம் சூரியனைச் சுற்றி இன்று ஏறக்குறைய 1,000 ஒளியாண்டு அகலத்துக்கு வாயு குறைந்த ஒரு வெற்றிடம் இருக்கிறதே, அதுவும் இந்த வெடிப்புகள் ஊதிய குமிழிதான் என்கிறார்கள்.

ஓரிடத்தில் பிறந்த கொத்துகளை ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டால், மூன்று குடும்பங்களில் ஒன்றின் தலைமைக் கொத்தை அதே டிசம்பர் இரவில் பார்த்துவிடலாம். இரட்டைக் கொத்திலிருந்து வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் மிர்ஃபாக் என்ற பிரகாசமான நட்சத்திரம் வரும். அதைச் சுற்றி இறைந்து கிடப்பதுதான் அந்தக் கொத்து. இன்னொரு குடும்பத்தின் தலைமைக் கொத்தான மெஸ்ஸியர் 6-ஐப் பார்க்க ஜூன் வரை பொறுக்க வேண்டும். அப்புறம் விருச்சிகத்தின் வாலருகே தேடுங்கள்.