இல்லாத விரல் ஏன் வலிக்கிறது?

கேள்வி: ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் சிக்கியதில், ஆறு மாதத்துக்கு முன்பு அப்பாவின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் இல்லாத விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்று ராத்திரி முழுக்கத் துடிக்கிறார். வலது கன்னத்தில் சவரம் செய்தால் கட்டைவிரலைத் தொடுவதுபோல் இருக்கிறதாம். பார்க்க வருகிறவர்கள் மனப்பிரமை என்கிறார்கள். கண்ணாடி வைத்துப் பயிற்சி செய்தால் குறையுமா?
- வாசகி, குலசேகரம்

பதில்: பிரமை என்கிறவர்களை முதலில் சும்மா இருக்கச் சொல்லுங்கள். கைதான் போயிருக்கிறது, அந்தக் கைக்கென்று மூளையில் இருக்கும் இடம் போகவில்லை. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு. அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கை இழந்தவர்களின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். இல்லாத விரல்களில் தொடுவதாகச் சிலர் சொன்னார்கள். உங்கள் அப்பா சொல்வதும் அதுதான். காலியான மனையை முகம் வளைத்துப்போட்டது என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கம். ஆனால் 2013-இல் தமார் மேக்கின் என்ற மூளை ஆய்வாளரின் குழு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வலி அதிகமுள்ளவர்களிடம் கையின் இடம் அழியாமலே இருந்தது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

விரல் மூடியே கிடப்பதற்கு ராமச்சந்திரன் சொன்ன காரணம் எளியது. 'விரி' என்று மூளை உத்தரவு போடுகிறது. 'விரிந்தாயிற்று' என்று பதில் அனுப்ப அங்கே தசையும் இல்லை, தோலும் இல்லை. கண்ணாடி அந்தப் பதிலைக் கண் வழியாகக் கொடுக்கிறது.

ஒன்றரை அடிக்கு இரண்டடியில் ஒரு சாதாரணக் கண்ணாடி போதும். பிளாஸ்டிக் கண்ணாடி வேண்டாம், பிம்பம் வளையும். விளிம்பில் டேப் ஒட்டி, மேசைமேல் அப்பாவின் மூக்குக்கு நேராகக் குறுக்குச் சுவர்போல நிறுத்துங்கள். முகம் தெரியும் பக்கம் இடது கையை நோக்கி இருக்கட்டும். வலது கை பின்னால் மறைந்திருக்க வேண்டும். வாட்ச், மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றிவிடுங்கள். அவை பிம்பத்தில் தெரிந்தால் 'இது என் வலது கை இல்லை' என்று கண் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மெதுவாக விரல்களை மூடி விரிக்கட்டும், கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடட்டும், உள்ளங்கையைத் திருப்பட்டும். இல்லாத கையாலும் அதையே செய்வதாக நினைக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: பார்வை பிம்பத்தை விட்டு நிஜக் கைக்குப் போய்விடும். வேகமாக ஆட்டினாலும் பலனில்லை.

தினமும் 15 நிமிடம், 4 வாரம். கால் இழந்தவர்களிடம் நடந்து 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் இந்தக் கணக்கில்தான் வலி குறைந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டோம். முதல் நாள் கையைப் பார்த்ததும் அழுகை வரலாம். கூட ஒருவர் இருங்கள். தலைசுற்றினாலோ வலி கூடினாலோ ஐந்து நிமிடமாகக் குறைத்து, அசைக்காமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். அப்படியும் கூடினால் நிறுத்திவிடுங்கள்.

தொடங்குமுன் ஒன்று. வெட்டிய இடத்தில் ஒரு புள்ளியைத் தட்டினால் கரண்ட் அடித்ததுபோல் இழுக்கிறதா? நரம்பு நுனியில் முடிச்சு விழுந்திருக்கலாம். அதற்குக் கண்ணாடி மருந்தல்ல. டாக்டரிடம் காட்டுங்கள். நரம்பு வலிக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

கேள்வி: மரச்சீனிக் கிழங்குக்குக் காந்தாரி மிளகாய் அரைத்துச் சாப்பிட்டால் வாய் எரிகிறதே, வெந்துபோகிறதா? தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.
- வாசகர், திருவட்டாறு

பதில்: வேகவில்லை. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் கதவு ஒன்று வலி நரம்புகளில் உண்டு. பெயர் டி.ஆர்.பி.வி.1. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் செய்தி 'சுடுகிறது' என்பதுதான். 1997-இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஒரு வாய் பாலோ தயிரோ அரை நிமிடம் வாயில் வைத்திருங்கள். மேலே சூடான கட்டன்சாயா குடித்தால் எரிச்சல் ஏறத்தான் செய்யும். அரைத்த கை எரிந்தால் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் எண்ணெய் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.