பிங் போகிறது, லாகின் ஆகவில்லை: எல்டாப்பில் எங்கே பார்ப்பது?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ். ஊழியர்களின் லாகின் பெயர், பாஸ்வேர்டை ஒரே இடத்தில் வைத்துச் சரிபார்க்கும் எல்டாப் சர்வர் மென்பொருளான ஓப்பன்எல்டாப்பைப் புது உபுண்டு சர்வருக்கு மாற்றினோம். கிளையன்ட் மெஷின்களில் எல்டாப்ஸ் (எல்டாப்பின் என்க்ரிப்ட் செய்த வடிவம்) முகவரியில் சர்வர் பெயரை எடுத்துவிட்டுப் புது ஐபியைக் கொடுத்தோம். அதிலிருந்து "கான்ட் கான்டாக்ட் எல்டாப் சர்வர்" என்றே வருகிறது. பிங் நன்றாகப் போகிறது. சிலருக்கு மட்டும் லாகின் ஆகிறது. என்ன செய்வது?

பதில்: பிங்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மெஷின் நெட்வொர்க்கில் இருக்கிறது, அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும். எல்டாப்புக்கு 389ஆம் போர்ட், எல்டாப்ஸுக்கு 636. கிளையன்டிலிருந்து, போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் நெட்கேட் கமாண்டை வைத்து இரண்டையும் தட்டிப் பாருங்கள். பதிலே வராமல் தொங்கினால் பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால் மறிக்கிறது. உடனே "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் சர்வீஸே ஓடவில்லை. உபுண்டுவில் நிறுவியவுடன் எஸ்லாப்டி (ஓப்பன்எல்டாப்பின் சர்வர் புரோகிராம்) 389இல் மட்டும்தான் ஓடும். 636 வேண்டுமானால் அதன் டிஃபால்ட் ஃபைலில் 'சர்வீசஸ்' வரியில் எல்டாப்ஸையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

போர்ட் திறந்திருந்தும் அதே மெசேஜ் வந்தால், என் சந்தேகம் சர்டிஃபிகேட் (சர்வரின் அடையாளச் சான்று) மேல்தான். என்க்ரிப்ட் செய்த இணைப்பைத் தொடங்கும் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் ஃபெயில் ஆனாலும் கிளையன்ட் இதையேதான் சொல்லும். எல்டாப்சர்ச் என்ற தேடல் கமாண்டை டீபக் லெவல் 1 வைத்து ஓட்டுங்கள், உண்மையான காரணம் வெளியே வரும். நீங்கள் ஐபி கொடுத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. சர்டிஃபிகேட் பெரும்பாலும் சர்வரின் முழுப் பெயரில் இருக்கும். முகவரியில் ஐபி இருந்தால் இரண்டும் பொருந்தாது, கிளையன்ட் அங்கேயே நிறுத்திவிடும். பழையபடி பெயரையே கொடுத்து, டிஎன்எஸ்ஸில் அதைப் புது ஐபிக்குத் திருப்புங்கள். சிஏ ஃபைல் (சர்டிஃபிகேட்டைக் கொடுத்தவரின் சான்று) கிளையன்டில் இருக்கிறதா, சர்டிஃபிகேட் காலாவதி ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

சர்டிஃபிகேட் சோதனையை 'நெவர்' என்று போட்டு அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பிறகு நெட்வொர்க்கில் யார் உங்கள் சர்வர் மாதிரி வேஷம் போட்டாலும், ஊழியர்களின் பாஸ்வேர்டு நேராக அவர் கைக்குப் போய்விடும்.

சிலருக்கு லாகின் ஆவது, எஸ்எஸ்எஸ்டி (கிளையன்டில் லாகினைக் கவனிக்கும் சர்வீஸ்) முன்பே கேஷில் சேமித்து வைத்திருப்பதால் இருக்கலாம். அதை நம்பாமல், எஸ்எஸ்எஸ்சிடிஎல் டொமைன்-ஸ்டேட்டஸ் கமாண்டில் 'ஆன்லைன்' என்று வருகிறதா பாருங்கள். இதற்குப் பிறகு எரர் 49 வந்தால் பதற வேண்டாம். சர்வர் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, பைண்ட் டிஎன் (சர்வரில் லாகின் செய்யும் கணக்கின் முழுப் பெயர்) அல்லது அதன் பாஸ்வேர்டுதான் தப்பு.